மினசோட்டாவில் 35 டாலருக்கு இன்சுலின் வாங்குவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

பையனுக்கு நான்கு நாளைக்கான இன்சுலின்தான் மிச்சம் இருந்தது. ஜனவரி மாதம். மினியாபொலிஸில் மூக்கு நுனி மரத்துப்போகும் குளிர். கணவரின் பழைய வேலை டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புதிய நிறுவனத்தின் காப்பீடு பிப்ரவரி 1ஆம் தேதிதான் தொடங்கும். மருந்துக்கடைப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, "412 டாலர்" என்றார். குறைக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். "கூப்பன் இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார். இல்லை. கிரெடிட் கார்டை நீட்டினேன்.

அதே கடையில், அதே நாளில், 35 டாலருக்கு 30 நாள் இன்சுலின் வாங்கும் உரிமை எங்களுக்கு இருந்தது என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் மாநிலச் சட்டம். கடையில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை; எனக்கும் கேட்கத் தெரியவில்லை. கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

அதன் பிறகு இதே சட்டத்தை எங்களுக்காக ஒரு முறையும், தெரிந்த குடும்பம் ஒன்றுக்காக ஒரு முறையும் பயன்படுத்திவிட்டேன். எங்கே முட்டிக்கொண்டேனோ அதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன். இது பணத்துக்கும் காகிதத்துக்குமான வழிகாட்டி. எத்தனை யூனிட் போடுவது, எந்த இன்சுலினுக்கு எது மாற்று என்பதெல்லாம் உங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டியவை.

1. முதலில் சட்டத்தின் பெயரை மனப்பாடம் செய்யுங்கள்

அலெக் ஸ்மித் இன்சுலின் கட்டுப்படி விலைச் சட்டம். 26 வயதாகி, தாயின் காப்பீட்டிலிருந்து நீங்கிய ஒரு மாதத்துக்குள், இன்சுலினை மிச்சம் பிடித்துப் போட்டதால் 2017இல் இறந்துபோன மினசோட்டா இளைஞரின் பெயர் அது. கவுன்டரில் "அலெக் ஸ்மித்" என்றாலும் புரியும், "இன்சுலின் சேஃப்டி நெட்" என்றாலும் புரியும். "விலை குறைவாகக் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குக் கூப்பன்தான் பதிலாக வரும்.

சட்டத்தில் இரண்டு பிரிவுகள். ஒன்று, அவசரத் தேவை: கடையில் அன்றே 30 நாள் இன்சுலின், அதிகபட்சம் 35 டாலர். இன்னொன்று, தொடர் தேவை: இன்சுலின் தயாரிக்கும் நிறுவனம் ஓராண்டுக்குக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு 90 நாளுக்கும் அதிகபட்சம் 50 டாலர். இரண்டையும் ஒரே விண்ணப்பம் என்று நினைத்துக் குழம்புவது எல்லோருக்கும் நேர்வது. படிவமும் வேறு, போகும் இடமும் வேறு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டம் இன்சுலினுக்கு மட்டும்தான். பேனா ஊசிகள், சோதனைப் பட்டைகள், தோலில் ஒட்டும் சென்சார் எதுவும் இதில் வராது. 35 டாலரோடு போய் ஊசிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள்.

2. உங்கள் காப்பீடு எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

"நம் மாநிலத்தில் இன்சுலினுக்கு உச்சவரம்பு வந்துவிட்டது" என்று செய்தி படித்துவிட்டு உற்சாகமாகக் கடைக்குப் போவோம். மினசோட்டாவில் 2025 ஜனவரிக்குப் பிறகு தொடங்கிய அல்லது புதுப்பித்த காப்பீடுகளில் அப்படி ஓர் உச்சவரம்பு உண்டு: நீரிழிவு, ஆஸ்துமா போன்றவற்றுக்கான மருந்து ஒவ்வொன்றுக்கும் மாதத்துக்கு 25 டாலர், அதோடு சேர்ந்த உபகரணங்களுக்கெல்லாம் சேர்த்து மாதத்துக்கு 50 டாலர். ஆனால் இது மாநில அரசின் கட்டுப்பாட்டில் உள்ள காப்பீடுகளுக்கு மட்டுமே பொருந்தும். பெரிய நிறுவனங்கள் பல, ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்றுக்கொண்டு, கணக்குப் பார்க்கும் வேலையை மட்டும் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்திருக்கின்றன. இதற்கு 'செல்ஃப் ஃபண்டெட்' என்று பெயர். 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்தியச் சட்டத்தால், மாநிலத்தின் கை இந்தத் திட்டங்களை எட்டாது. அட்டையில் பிரபலமான காப்பீட்டு நிறுவனத்தின் பெயர்தான் பளிச்சென்று இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எனவே மனிதவளப் பிரிவுக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: நம் திட்டம் செல்ஃப் ஃபண்டெடா, ஃபுல்லி இன்ஷ்யூர்டா (காப்பீட்டு நிறுவனமே செலவை ஏற்பது)? இன்சுலினுக்கு டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நாமே கட்ட வேண்டிய தொகை) கழிய வேண்டுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் எனக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

டிடக்டிபிள் அதிகமான திட்டத்தில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். டிடக்டிபிள் கழியாமலே இன்சுலினுக்குக் காப்பீடு தர மத்திய அரசின் விதிகள் அனுமதிக்கின்றன. அனுமதிதான், கட்டாயம் இல்லை. உங்கள் நிறுவனம் அந்த அனுமதியைப் பயன்படுத்தாமல் இருக்கலாம். அப்படியிருந்தால் ஒவ்வொரு ஜனவரியிலும் மீட்டர் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும்.

செல்ஃப் ஃபண்டெட் என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். அலெக் ஸ்மித் சட்டம் காப்பீட்டு நிறுவனத்தின் கழுத்தைப் பிடிப்பதில்லை. இன்சுலின் தயாரிப்பவரைப் பிடிக்கிறது. உங்கள் திட்டத்தில் 30 நாள் இன்சுலினுக்கு நீங்கள் கட்டும் மொத்தத் தொகை, எந்த வகையானாலும் எத்தனை குப்பியானாலும் 75 டாலருக்குள்தான் இருக்கும் என்ற வரம்பு இல்லையென்றால், காப்பீடு இருந்தாலும் நீங்கள் தகுதி பெறலாம். 'காப்பீடு இருந்தால் கிடையாது' என்று கவுன்டரில் சொன்னால் அது தவறு. இந்த 75 டாலர் கணக்கைத்தான் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

மெடிக்கல் அசிஸ்டன்ஸ், மினசோட்டாகேர் ஆகிய அரசுத் திட்டங்களில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு இன்சுலின் அந்தத் திட்டங்கள் வழியாகவே கிடைக்கும்.

3. வீட்டில் எத்தனை நாள் இன்சுலின் இருக்கிறது? எண்ணுங்கள்

அவசரப் பிரிவில் வாங்க, கையில் 7 நாளுக்குக் குறைவாக இருக்க வேண்டும். முன்ஜாக்கிரதைக்காரர்களுக்கு இது எரிச்சலான நிபந்தனை. இரண்டு வாரத்துக்கு முன்பே போய் நின்றால் தகுதி இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். கடைசி நாள் வரை காத்திருப்பதும் ஆபத்து.

கணக்கு இப்படி. ஒரு பேனாவில் 3 மில்லி, அதாவது 300 யூனிட். என் பையனுக்கு அப்போது நாளைக்குச் சுமார் 36 யூனிட் போனது. ஒவ்வொரு முறை ஊசி மாட்டும்போதும் காற்று நீக்க 2 யூனிட் வீணாகும். நாளைக்கு ஐந்து முறை என்றால் 10 யூனிட். ஆக 46. முழுப் பேனா ஒன்று ஆறரை நாள்தான் வரும். இந்த வீணாகும் யூனிட்டை மருந்துச்சீட்டில் சேர்க்காததால்தான் பல வீடுகளில் மாதக் கடைசியில் இழுபறி. அதிகபட்ச அளவையும் காற்று நீக்கும் அளவையும் சேர்த்து 'நாளொன்றுக்கு இத்தனை யூனிட் வரை' என்று எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். 30 நாளுக்கு எத்தனை பேனா என்று கடை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

நான் இப்போது செய்வது: பத்து நாள் மிச்சம் இருக்கும்போது கடைக்குத் தொலைபேசி, மருத்துவமனைக்கு மருந்துச்சீட்டு நினைவூட்டல். ஆறு நாள் மிச்சம் இருக்கும்போது நேரில். திங்கள் முதல் வியாழனுக்குள், காலையில். வெள்ளி மாலை போனால், சீட்டில் ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்க மருத்துவமனையில் ஆள் இருக்கமாட்டார்கள்; ஆறு நாள் நான்காகிவிடும்.

மிச்சம் பிடிப்பதற்காக அளவைக் குறைத்துப் போடாதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மூச்சில் பழ வாசனை வந்தால் காகிதமெல்லாம் அப்புறம். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கையில் காசில்லை, காப்பீடு இல்லை என்பதற்காக அங்கே பரிசோதிக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது என்பது மத்தியச் சட்டம்.

4. ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

அவசரப் பிரிவுக்கு மூன்றே மூன்று.

முதலாவது, செல்லுபடியாகும் மருந்துச்சீட்டு. அமெரிக்க உரிமம் பெற்றவர் எழுதியதாக இருக்க வேண்டும். மதுரையில் பத்து வருடம் பார்த்த டாக்டரின் சீட்டு, அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இங்கே செல்லாது. வந்த முதல் மாதத்திலேயே இங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். காப்பீடு இல்லாதவர்களுக்கு வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக மருத்துவ மையங்கள் உண்டு. சிறப்பு மருத்துவரின் நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். பொது மருத்துவரும் இன்சுலின் எழுதலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது, மினசோட்டாவில் வசிப்பதற்கான அடையாளம். இதில்தான் என்னைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது என்னிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. பழகுநர் பெர்மிட் மட்டுமே இருந்தது. "இது செல்லாது" என்றார் கவுன்டரில் இருந்தவர். சட்டத்தில் உள்ள பட்டியல்: மினசோட்டா அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம் அல்லது பெர்மிட், தனிநபர் வரி அடையாள எண், பழங்குடி அடையாள அட்டை. பெர்மிட் என்ற சொல் அங்கேயே இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கத்தை அச்செடுத்து, அந்த ஒரு சொல்லின் மேல் மஞ்சள் மை தீட்டிக் கொண்டுபோனேன்.

எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கானது) இருப்பவர்களுக்கு வரி அடையாள எண் முக்கியம். வேலை அனுமதி இல்லாதவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இருக்காது. ஆனால் குடும்ப வரிக்கணக்கு தாக்கல் செய்யும்போது இந்த எண்ணை வாங்கியிருப்பீர்கள். வரித்துறை அனுப்பிய அந்தக் கடிதத்தை எடுத்து வையுங்கள். சட்டத்தின் நிபந்தனை மாநிலத்தில் வசிப்பதுதான், குடியுரிமை அல்ல. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு என்றால், பெற்றோர் தங்கள் வசிப்பிடச் சான்றைக் காட்டினால் போதும்.

மூன்றாவது, விண்ணப்பப் படிவம். மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான எம்என்ஷூர் தளத்தில் இன்சுலின் பகுதியில் கிடைக்கும். கடையிலும் இருக்க வேண்டும். ஆனாலும் வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுபோங்கள். கவுன்டருக்குப் பின்னால் படிவம் தேடும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களின் பெருமூச்சு உங்கள் கழுத்தில் விழும். ஏழு நாளுக்குக் குறைவாக இருக்கிறது, மேலே சொன்ன நிபந்தனைகள் பொருந்துகின்றன என்று நீங்கள் உறுதியளித்துக் கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவத்தில் பொய் எழுத வேண்டாம்.

5. கவுன்டரில்

வரிசையில் முதலில் இருப்பவர் பெரும்பாலும் உதவியாளர். அவரிடம் வாதாடாதீர்கள். "மருந்தாளுநரிடம் பேச வேண்டும், அலெக் ஸ்மித் இன்சுலின், அவசரத் தேவை" என்று மூன்று துண்டாகச் சொல்லுங்கள். இரண்டாவது முறை நான் போனபோது, உள்ளேயிருந்து வந்த மருந்தாளுநர் என் அச்சுத்தாளை வாங்கிப் படித்தார். மஞ்சள் மையைப் பார்த்துச் சிரித்தார். கணினியில் எதையோ தேடினார். யாரையோ தொலைபேசியில் அழைத்தார். நாற்பது நிமிடம் ஆனது. ரசீதில் 35.00 என்று அச்சாகி வந்தபோது அந்தக் காகிதத்தை ஃப்ரேம் போட்டு மாட்டலாமா என்று தோன்றியது.

அவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவே: 30 நாளுக்கான இன்சுலினைக் கொடுப்பது, 35 டாலருக்கு மேல் வாங்காமல் இருப்பது, தொடர் உதவிக்கான தகவல் தாளைக் கொடுப்பது, 72 மணி நேரத்துக்குள் சீட்டு எழுதிய மருத்துவருக்குத் தெரிவிப்பது. கடைக்கு இதனால் நஷ்டம் கிடையாது. கொடுத்த இன்சுலினுக்கு ஈடு கேட்டு வாங்க அவர்களுக்கு வழி இருக்கிறது. ஒரு கடைக்காரர் முகம் சுளித்தபோது இதை நான் சொன்னதும் முகம் கொஞ்சம் நேரானது.

மறுத்தால், மறுப்பவரின் பெயரையும் காரணத்தையும் எழுதி வாங்குங்கள். அடுத்த கடைக்குப் போங்கள். பிறகு மாநில மருந்தியல் வாரியத்திடம் புகார் செய்யுங்கள். அன்றைக்கு இன்சுலின் வாங்குவதுதான் முதல் வேலை.

இந்த அவசரப் பிரிவு 12 மாதத்துக்கு ஒரு முறைதான். நாட்காட்டி ஆண்டு அல்ல. வாங்கிய தேதியிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே ரசீதை எறியாதீர்கள். இரண்டாவது முறை வாங்க இரண்டு விதிவிலக்குகள் உண்டு. மெடிக்கல் அசிஸ்டன்ஸுக்கோ மினசோட்டாகேருக்கோ விண்ணப்பித்து முடிவுக்கோ தொடக்கத்துக்கோ காத்திருந்தால் கிடைக்கும். தொடர் உதவி மறுக்கப்பட்டு மேல்முறையீடு செய்திருந்தாலும் கிடைக்கும்.

6. அன்று மாலையே தொடர் உதவிக்கு விண்ணப்பியுங்கள்

30 நாள் கிடைத்ததும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவதுதான் அடுத்த பொறி. நான் விண்ணப்பத்தை இருபத்திரண்டாவது நாள் அனுப்பினேன். கடைசி வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை.

வருமான வரம்பைப் பார்த்து 'இது ஏழைகளுக்கு' என்று பலர் விலகிவிடுகிறார்கள். மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 400 விழுக்காடு வரை தகுதி உண்டு. 2025ஆம் ஆண்டின் கணக்கில் தனிநபருக்கு 62,600 டாலர், மூவர் குடும்பத்துக்கு 1,06,600, நால்வருக்கு 1,28,600. ஒருவர் சம்பளத்தில் நால்வர் வாழும் ஐடி குடும்பங்கள் பல இதற்குள் வந்துவிடும். வரம்பு ஆண்டுதோறும் மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பாருங்கள்.

விண்ணப்பம் போக வேண்டிய இடம் உங்கள் இன்சுலினைத் தயாரிக்கும் நிறுவனம். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு நிறுவனங்களின் இன்சுலின் போடுகிறவர்கள் இரண்டு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். வரிக்கணக்கின் நகல், சமீபத்திய சம்பளச் சீட்டுகள், வசிப்பிடச் சான்று, மருந்துச்சீட்டு விவரம் இவற்றை ஒரே கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் நல்ல சம்பளம், இப்போது வேலை இல்லை என்றால், வேலை முடிந்த கடிதத்தையும் சேர்த்து, ஒரு பத்தி விளக்கம் எழுதுங்கள். காகிதம் குறைந்தால் அவர்கள் 5 வேலை நாளுக்குள் கேட்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 10 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்டு வரும் மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் விழுந்து கிடக்கும். தினமும் ஒரு முறை அங்கேயும் பாருங்கள்.

தகுதிக் கடிதம் வந்ததும் அதை மருந்துக்கடையில் கொடுக்க வேண்டும். கடை ஆர்டர் செய்யும். 90 நாளுக்கான சரக்கு வரும். நீங்கள் 50 டாலருக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. கடிதம் 12 மாதத்துக்குச் செல்லும். காப்பீடு இருப்பவர்களுக்கு, நேரடி இன்சுலினுக்குப் பதில் கட்டணத் தள்ளுபடி அட்டையை நிறுவனம் தரலாம். அப்போதும் 90 நாளுக்கு 50 டாலர் என்ற வரம்பைத் தாண்டக் கூடாது.

பத்தாவது மாதத்தில் நினைவூட்டல் வையுங்கள். ஆர்டரை ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் முன்பே போடச் சொல்லுங்கள்.

குளிர்காலத்தில் அஞ்சலில் வாசலுக்கு வரவழைக்காதீர்கள். கடையிலேயே போய் வாங்குங்கள். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் உதவாது. அப்படியே எறிய வேண்டும். காரில் வைத்துவிட்டு மளிகை வாங்கப் போனாலும் அதே கதிதான்.

7. மறுத்தால்

மறுப்புக் கடிதம் வந்தால் தாமதிக்காமல் மருந்தியல் வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். காகிதம் எல்லாம் கைக்கு வந்ததும் குழு ஒன்று பார்த்து 10 வேலை நாளுக்குள் முடிவு சொல்லும். நான் உதவிய குடும்பத்துக்கு மறுப்பு வந்தது; காரணம், குடும்பத்தில் மூவர் என்று எழுதியிருந்தார்கள், பிறந்து நான்கு மாதமான குழந்தையை விட்டுவிட்டார்கள். திருத்தி அனுப்பியதும் சரியானது. குடும்ப எண்ணிக்கையை வரிக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எம்என்ஷூர் மூலம் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இலவசமாக வழிகாட்டுவார்கள். இதற்குக் கட்டணம் கேட்பவர் யாராக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

8. சட்டத்தைத் தொடாமல் முடியுமா என்றும் பாருங்கள்

வருடத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கும் வாய்ப்பை வீணாக்க வேண்டாம். இன்சுலின் தயாரிக்கும் லில்லி, சனோஃபி, நோவோ நார்டிஸ்க் ஆகிய மூன்று நிறுவனங்களும் காப்பீடு இல்லாதவர்களுக்கு மாதம் 35 டாலர் திட்டம் வைத்திருக்கின்றன. லில்லி 2024 பிப்ரவரியில் மினசோட்டா தலைமை வழக்கறிஞருடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஐந்து ஆண்டுக்கு இதைக் கொடுத்தாக வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் பெயரைப் பதிந்தால் தள்ளுபடி அட்டை உடனே கைபேசிக்கு வரும். என் 412 டாலர் நாளில் இதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை: காப்பீட்டை ஒதுக்கிவிட்டு அட்டையில் வாங்கும்போது, கட்டிய தொகை உங்கள் டிடக்டிபிள் கணக்கில் சேராமல் போகலாம். வருடத்தில் வேறு பெரிய மருத்துவச் செலவு வரும் என்று தெரிந்தால் இரண்டையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேலை போனவர்களுக்கு: முந்தைய காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடரும் கோப்ரா திட்டத்தைத் தேர்வு செய்ய 60 நாள் அவகாசம் உண்டு, தேர்வு செய்தால் காப்பீடு முடிந்த நாளிலிருந்தே செல்லும். எம்என்ஷூரில் புதுக் காப்பீடு வாங்கவும் 60 நாள். வேலை போன பிறகு நாட்டில் தங்கியிருக்க எச்-1பி விசா தரும் சலுகைக் காலமும் அதிகபட்சம் 60 நாள். மூன்று கடிகாரமும் ஒன்றாக ஓடும். விசாவைப் பற்றிய கவலையில் மற்ற இரண்டும் ஓடித் தீர்ந்துவிடுகின்றன.

9. வேறு மாநிலத்தில் இருக்கிறீர்களா?

பல மாநிலங்கள் காப்பீட்டில் நீங்கள் கட்டும் தொகைக்கு மட்டும் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. மாதத்துக்கு டெக்சஸில் 25 டாலர். நியூ ஜெர்சியில் 2025 ஜனவரி முதல் 35. இலினாயில் 100 ஆக இருந்தது 2025 ஜூலையிலிருந்து 35 ஆனது. நியூ யார்க்கில் 2025 முதல் பூஜ்யம். கலிபோர்னியாவில் 2026 ஜனவரி முதல் பெரிய நிறுவனக் காப்பீடுகளுக்கு 35, தனிநபர் மற்றும் சிறு நிறுவனக் காப்பீடுகளுக்கு 2027இலிருந்து. அங்கே மாநில அரசே கால்ஆர்எக்ஸ் என்ற பெயரில் கிளார்ஜின் என்ற நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின் பேனாக்களை ஐந்து 55 டாலர் என்ற விலையில் கொண்டு வந்திருக்கிறது. அதற்குக் காப்பீடே தேவையில்லை. மற்றபடி எல்லா இடத்திலும் இரண்டாம் படியில் சொன்ன செல்ஃப் ஃபண்டெட் சுவர் நிற்கிறது. மினசோட்டா போல அவசரத் தேவைக்கு 35 டாலர் வழி கொலராடோவிலும் உண்டு.

65 வயது கடந்து மத்திய அரசின் காப்பீடான மெடிகேரில் இருக்கும் பெரியவர்களுக்கு எந்த மாநிலமானாலும் ஒரு மாதத்துக்கு ஓர் இன்சுலினுக்கு 35 டாலருக்கு மேல் போகாது. 2023 முதல் இது மத்தியச் சட்டம்.

10. ஊரிலிருந்து வரும் பெற்றோர்

சுற்றுலா விசாவில் வருபவர்கள் இங்கே வசிப்பவர்களாகக் கணக்கில் வரமாட்டார்கள். அவசரப் பிரிவு அவர்களுக்கு இல்லை. பயணக் காப்பீடு பழைய நோய்க்குக் கை விரித்துவிடும். ஆகவே தங்கும் நாட்களுக்கு வேண்டியதை ஊரிலிருந்தே கொண்டு வரச் சொல்லுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பொதுவாக மூன்று மாத அளவு வரை அனுமதிக்கிறார்கள். அசல் பெட்டி, மருத்துவரின் கடிதம் இரண்டும் வேண்டும். கைப்பையில்தான் வர வேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்துவிடலாம். கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள்.

தீர்ந்துபோனால், வால்மார்ட்டில் பழைய வகை மனித இன்சுலின் குப்பி சுமார் 25 டாலருக்கு மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும். புதுவகை இன்சுலின் போடுகிறவர்கள் அதை அப்படியே மாற்றிப் போடக் கூடாது. வேலை செய்யும் நேரம் வேறு. ஊர் டாக்டரிடம் காணொலியிலாவது பேசி அளவை மாற்றி வாங்குங்கள்.

என் மாமனார் வந்திருந்தபோது அப்படி ஒரு குப்பி வாங்கினோம். அவர் ஊரிலிருந்து கொண்டு வந்த சிவப்பு மூடி ஊசிகளில் ஒன்றை எடுத்து, வழக்கமான கோடு வரை இழுத்துவிட்டார். பையன்தான் பார்த்து, "தாத்தா, ஆரஞ்சு மூடி!" என்று கத்தினான். இந்தியக் குப்பிகளில் பல ஒரு மில்லிக்கு 40 யூனிட்; சிவப்பு மூடி ஊசி அதற்கானது. இங்குள்ள குப்பி ஒரு மில்லிக்கு 100 யூனிட். அந்த ஊசியில் அதே கோடு வரை எடுத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு. ஆரஞ்சு மூடி ஊசிகளையும் குப்பியோடு சேர்த்தே வாங்குங்கள். சிவப்பு மூடி ஊசிகளை அன்றைக்கே பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள், ஊருக்குத் திரும்பும்போது எடுத்துக் கொடுக்கலாம்.